அடுப்பு ஏறாத வண்டி

14.5.1989 — ரூ. 120
17.2.1991 — ரூ. 360
9.2.1992 — ரூ. 375
27.2.2000 — ரூ. 1,150
25.2.2001 — ரூ. 1,200

இவை ஒரு ஆளுக்கான யாத்திரைக் கட்டணங்கள். முதல் வரியில் இருப்பது ஜோதியம்மாள் கொடுத்தது. மற்ற நான்கும் அவர் வாங்கியது. இடையில் நடந்த பயணங்களின் கட்டணமும் என்னிடம் இருக்கிறது. அவருடைய கதையைச் சொல்ல இந்த ஐந்து வரிகள் போதும்.

ஜோதியம்மாளுக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் வேணு அரிசி ஆலையில் மூட்டை எடைபோடும் வேலையில் இருந்தார். சாதுவான மனிதர். அவர் கொண்டுவரும் கூலி போதாததால், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஜோதியம்மாள் இட்லிக் கடை போட்டார். நான் அந்த நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தேன். எந்தப் பேருந்து எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவது என் வேலை. காலைப் பலகாரம் அவர் கடையில்தான். இருவரும் ஒரே தெருவில்தான் குடியிருந்தோம்.

வேணுவின் அண்ணன் ஆதிமூலம் ஜவுளிக்கடையில் மேலாளர். அவர் வருஷம் தவறாமல் கோடையில் ஒரு பேருந்து பிடித்து, தெருக்காரர்களைத் தென்னாட்டு யாத்திரைக்கு அழைத்துப் போவார். ஆறு நாளில் இருபத்திரண்டு கோயில். காசு விஷயத்தில் சுத்தமானவர். மிச்சம் பிடித்த பணத்தைத் திரும்பி வந்த மறுநாளே பிரித்துக் கொடுத்துவிடுவார். கூட்டத்தை மேய்ப்பதற்குக் கழுத்தில் ஒரு விசில் தொங்கும்.

அவருடைய பேருந்தின் கூரையில் இரண்டு பெரிய அடுப்புகள், அண்டா, அரிசி மூட்டை, புளி, மிளகாய் எல்லாம் ஏறும். எங்கள் பக்கத்து யாத்திரைகளில் அதுதான் வழக்கம். கோயில்கள் மதியம் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் வண்டியை ஒரு மர நிழலில் நிறுத்துவார்கள். பெண்கள் இறங்கிச் சமைப்பார்கள். ஆண்கள் துண்டை விரித்துப் படுப்பார்கள். பரிமாறி முடிய நான்கைத் தாண்டிவிடும். நடை திறந்ததும் ஆண்கள் உள்ளே போவார்கள், பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள். கழுவிக் கவிழ்த்து நிமிரும்போது விசில் ஊதும். அடுத்த ஊர். வழியில் வண்டியை நிறுத்தினாலும் திறந்த வெளியில்தான் நிறுத்துவார்கள். அது ஆண்களுக்குப் போதும். பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

1989இல் ஜோதியம்மாள் சமையலுக்கு என்று பாதிக் கட்டணத்தில் அந்த வண்டியில் போனார். திரும்பி வந்த மறுநாள் காலை, மதுரை எப்படி இருந்தது என்று கடையில் கேட்டேன்.

"கொழாயில தண்ணி நல்லா வருதுங்க. மதுரையில அதான் பாத்தேன்" என்றார்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வேணுவும் சிரித்தார். ஜோதியம்மாள் சிரிக்கவில்லை.

அந்தக் குழாயடியில் அவரோடு இருந்தவர் ஆதிமூலத்தின் மனைவி வள்ளி. வள்ளிக்கு அது பதினோராவது யாத்திரை. பதினோரு முறையும் அவர் மதுரையை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கன்னியாகுமரியில் கடல் இருக்கிறது என்பது அவருக்குச் சத்தத்தில்தான் தெரியும், ஏனென்றால் அண்டாவை எப்போதும் காற்று வராத பக்கம் வைப்பார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வள்ளி சொன்னாராம், "நீ ஒரு வண்டி போடு ஜோதி. மொத ஆளா நான் வரேன்." விளையாட்டாகத்தான் சொன்னார். ஜோதியம்மாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஒன்றரை வருஷம் கடைக்கு வந்தவர்களையெல்லாம் அவர் விசாரித்தார். லாரி ஓட்டுநர்களிடம், எந்த ஊரில் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும் என்று. வெளியூர்ப் பெண்களிடம், எந்தச் சத்திரத்தில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு என்று. கண்டக்டர்களிடம், எந்த மெஸ்ஸில் சாப்பாடு வயிற்றைக் கெடுக்காது என்று. என்னிடம் ஊருக்கு ஊர் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கேட்டார். நான் அட்டவணை நேரத்தைச் சொன்னேன். "அது பஸ்ஸு போற நேரம். வயசான பொம்பள ரெண்டு எடத்துல எறங்கி ஏறணும், அதச் சேத்துச் சொல்லுங்க" என்றார். சேர்த்துச் சொன்னேன்.

அவர் போட்ட திட்டம் வித்தியாசமாக இருந்தது. காலையில் ஒரு கோயில். மதியம் மெஸ்ஸில் சாப்பாடு, அதற்குப் பிறகு நான்கு மணி வரை யாரும் யாரையும் எழுப்பக்கூடாது. மாலையில் விருப்பமிருந்தால் அதே கோயிலுக்கு இன்னொரு தரம். நீண்ட தூரம் உட்கார்ந்து வந்த நாளில் மாலைக் கோயில் கிடையாது. கன்னியாகுமரியில் ஒரு முழு நாள், எந்த வேலையும் இல்லாமல். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் ஊர் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் அன்றைக்குக் கடையில் வியாபாரம் உண்டு. இவ்வளவையும் சொல்வதற்கு முன்பு, கட்டணத்தைக்கூடச் சொல்வதற்கு முன்பு, அவர் சொல்வது ஒன்றுதான்: வண்டியில் அடுப்பு ஏறாது.

வெளிச் சாப்பாட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பார் என்று எல்லோரும் கேட்டார்கள். வண்டிக்கு வாடகை கிலோமீட்டர் கணக்கு. இருபத்திரண்டு கோயிலுக்கு ஓடும் ஓட்டத்தை ஏழு கோயிலாகக் குறைத்தால், மிஞ்சும் வாடகை மெஸ் செலவில் பெரும்பகுதிக்கு ஆகிவிடும். இதுதான் அவர் கண்டுபிடித்த சமன். ஆதிமூலம் யாத்திரையைவிட அறுபது ரூபாய் மட்டும் கூடுதல்.

வண்டி ஜியாவுல்லாவுடையது. தாத்தா காலத்தில் குதிரை வண்டி வைத்திருந்த குடும்பம். அப்போது அவரிடம் ஒரு பேருந்தும் ஒரு வேனும் இருந்தன. திட்டத்தைக் கேட்டுவிட்டு, "கிலோமீட்டர் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா, எனக்கு இன்னா மிஞ்சும்?" என்று கேட்டார். பிறகு அவரே, வண்டி உடம்பு கெடாமல் திரும்பி வரும், அதுவே லாபம் என்று சொல்லிப் பேருந்தைத் தர ஒத்துக்கொண்டார்.

முப்பத்தாறு பெண்கள் பேர் கொடுத்தார்கள். முதல் பேர் வள்ளி.

ஆதிமூலம் வீடு வீடாகப் போனார். கத்தவில்லை, திட்டவில்லை. நேர்த்திக்கடனுக்குப் போகிறவர்கள் கண்ட கடையில் சாப்பிடலாமா என்று பெரியவர்களிடம் மட்டும் கேட்டார். ஒரு வாரத்தில் முப்பத்தாறு பத்தொன்பதாகக் குறைந்தது. தன் வீட்டில் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுப் பெண் அடுப்பில்லாத வண்டியில் ஏறமாட்டாள் என்று சொல்லிவிட்டார். அதோடு வள்ளியின் பேரும் போயிற்று.

பேருந்துக்குப் பத்தொன்பது பேர் கட்டுப்படி ஆகாது. வேனுக்கு மாறினால்கூட ஆளுக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் ஏறும். சொன்ன கட்டணத்தை ஏற்றினால் இருப்பவர்களும் நின்றுவிடுவார்கள். இது தெரிந்துதான் ஆதிமூலம் ஒரு நாள் காலை கடைக்கு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன்.

"பதினேழு பேரையும் நானே திருப்பி அனுப்பறேன். ரெண்டு அடுப்ப மட்டும் ஏத்திக்க" என்றார். "மாட்டேன்னா, கன்னியாகுமரியில வெட்டியா ஒக்கார்ற அந்த ஒரு நாள எடுத்துடு. கணக்கு சரியாப் பூடும்."

ஜோதியம்மாள் இட்லித் தட்டை இறக்கி வைத்தார். "ஒரு நாள எடுத்தாத்தான் சரியா வரும், அது எனக்கும் தெரியும் மாமா. வேற நாள எடுத்துடறேன்."

"எத?"

"ராமேஸ்வரத்த."

பெஞ்சில் யாரும் மெல்லவில்லை. ஆதிமூலம்தான் கேட்டார்: "ராமேஸ்வரம் இல்லாத யாத்திரையா? நீ சாமி கும்புடப் போறியா, பிக்னிக் போறியா?"

"எப்டினா வெச்சிக்குங்க. ராமேஸ்வரம் எங்கியும் போயிடாது. அடுத்த வருஷம் தனியாப் போறோம். பொம்பளைங்க ஒரு நாள் கால நீட்டி ஒக்கார்றது இந்த வருஷமே நடக்கணும்."

ராமேஸ்வரம் விட்டுப்போனதால் இரண்டு பேர் விலகினார்கள். ஏற்கெனவே ராமேஸ்வரம் பார்த்துவிட்ட மூன்று பேர் பக்கத்து ஊரான வேங்கிக்காலிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் வாடகையும் தங்கும் செலவும் குறைந்ததில் கட்டணம் சொன்ன இடத்திலேயே நின்றது. வேனை ஜியாவுல்லாவே ஓட்டினார். அது புறப்பட்டபோது வள்ளி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டி தெரு முனை திரும்பியதும் உள்ளே போனார்.

அந்தப் பயணத்தில் நடந்ததை ஜியாவுல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதுரையில் மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று. நான்கு மணி வரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இருபது பேருக்கும் அது பழக்கமில்லாத நிலை. கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போயிருக்கிறார்கள். ஜோதியம்மாள் தேடிக்கொண்டு போனால், ஏழெட்டுப் பேர் மெஸ்ஸின் பின்கட்டில் வட்டமாக உட்கார்ந்து, அந்த மெஸ்காரருக்கு ராத்திரி சாம்பாருக்கான சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். மெஸ்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். ஒருவர் அரிவாள்மனையைப் போட்டுப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"இதுக்கா காசு குடுத்து வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார் ஜோதியம்மாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது ஜோதி" என்றாராம் பூசணிக்காய்க்காரி.

"கத்துக்கணும். எனக்கும்தான் வரல."

எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். நான்கு மணிக்கு நடை திறந்தபோது இருபது பேரும் வெறுங்கையோடு உள்ளே போனார்கள். வெளியே வர இருட்டிவிட்டது. விசில் இல்லாததால் யாரும் அவசரப்படவில்லை. கன்னியாகுமரியில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்கப் பாறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜியாவுல்லா இரண்டு முறை போய்ப் பார்த்தாராம். இரண்டு முறையும் அதே இடத்தில் அப்படியே இருந்தார்களாம்.

அவர்கள் திரும்பி வந்த ஒன்பதாம் நாள் ஆதிமூலத்திடமிருந்து முதல் பதிவுத் தபால் வந்தது. நான்கு வீடு தள்ளி இருப்பவர், தம்பி மனைவியோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்ததால் தபாலில் எழுதினார். குடும்பப் பேர் கெட்டது, ராமேஸ்வரத்தை அவமதித்தது, பெண்களைக் கடைச் சோற்றுக்குப் பழக்கியது என்று மூன்று குற்றங்கள். ஜோதியம்மாள் ஐந்தாவது வரை படித்தவர். அச்சு எழுத்தை வாசிப்பார், ஆதிமூலத்தின் கூட்டெழுத்து அவருக்குப் பிடிபடாது. நான் படித்துக் காட்டினேன். பதிலையும் அவர் சொல்ல நான் எழுதினேன்: "அடுத்த பயணம் ராமேஸ்வரம். இடம் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லவும்."

ராமேஸ்வரம் சொன்னபடி 1992இல் நடந்தது. அதன் பிறகு ஒரு வருஷமும் நின்றதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜோதியம்மாள் வள்ளியிடம் ஆள் அனுப்பிக் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் வரவில்லை என்றே பதில் வரும். ஆதிமூலத்தின் பதிவுத் தபாலும் வரும். இதற்கிடையில் அவருடைய பேருந்தில் சமைக்கப் பெண்கள் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போனது. கடைசி இரண்டு வருஷம் வள்ளியும் கூலிக்கு வந்த ஒரு அம்மாளும் மட்டுமே நாற்பது பேருக்குச் சமைத்தார்கள். 1998 யாத்திரையோடு ஆதிமூலம் நிறுத்திக்கொண்டார். வள்ளிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முழங்கால் மடங்கவில்லை.

2000 ஜனவரியில் ஆதிமூலம் கடைக்கு வந்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நேரில் பேசினார். பின்னால் வள்ளி நின்றார். கையில் ஒரு துணிப் பை. அதில் புதிதாக வாங்கிய சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது.

"இவ வரட்டும்" என்றார் ஆதிமூலம். "இது மட்டும் கூட வரும். காப்பி போடத்தான். பத்த வெக்கக்கூட வேணாம்."

"அப்ப எதுக்கு மாமா?"

"நாலு பேரு கேட்டா இன்னா சொல்றது? ஆதிமூலம் பொண்டாட்டி ஊர் சுத்தப் போயிட்டாள்னா? சமையலுக்குப் போயிருக்காள்னு சொல்லிக்கிறேன். எனக்கும் ஒரு மொகம் இருக்குதுல்ல."

வள்ளி ஜோதியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதியம்மாள் தலையசைத்தால் போதும், பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிடும்.

"அடுப்புல சின்னது பெருசு ஏது மாமா? எதுவா இருந்தாலும் பக்கத்துல ஒரு பொம்பள நின்னாவணும்" என்றார் ஜோதியம்மாள். "அக்கா வரட்டும். அது வராது."

ஆதிமூலம் திரும்பி நடந்தார். வள்ளி இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்.

இது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் பட்டது, சொன்னேன். வேணுவும் சொன்னார். ஜியாவுல்லா சாயங்காலம் வந்து, ஸ்டவ்வை வாங்கி டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிடுவதாகச் சொன்னார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார்.

"அக்காவுக்குத் தெரியும் பாய்" என்றார் ஜோதியம்மாள். "சமையல்காரினு பேரு வாங்கினு போயி அது கடலப் பாக்கணுமா? அப்டிதான் ஏற்கெனவே பதினஞ்சு இருவது வாட்டி போயி வந்துச்சே."

27.2.2000 அன்று வேன் வள்ளி இல்லாமல் புறப்பட்டது. அதற்குப் பிறகு வள்ளி ஜோதியம்மாளோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் மாறிப் போனார். தீபத்துக்கு ஜோதியம்மாள் கொடுத்தனுப்பிய அதிரசம் அப்படியே திரும்பி வந்தது. பத்து மாதம் இப்படிப் போயிற்று. ஜோதியம்மாள் தன் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது, இன்றைக்கு வள்ளியை எங்காவது பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்பார்.

2001 பொங்கல் முடிந்த மறுநாள், வள்ளி தன் வீட்டு அடுப்பைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். சண்டை போடவில்லை. "அந்த வண்டியில அடுப்பு இல்லாம என்ன அனுப்ப மாட்டீங்கன்னா, இங்கியும் அது எரிய வேணாம்" என்று மட்டும் கணவரிடம் சொன்னதாக வேணு வந்து சொன்னார். ஜோதியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, அப்படியே சொன்னாரா என்று கேட்டார். அப்படியேதான் என்றார் வேணு.

இரண்டாம் நாள் காலை வள்ளி கடைக்கு வந்தார். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு இட்லி கேட்டார்.

"போன வருஷம் ஒம்மேல எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"இப்பவும் இருக்குது. சட்னி ஊத்து."

அதே நாள் மதியத்திலிருந்து ஆதிமூலமும் வர ஆரம்பித்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் தெருவில் எல்லோரும் பார்க்க வேறு கடைக்கு நடப்பதும் அவருக்கு மானப் பிரச்சினை. நான்கடுக்கு டிபன் கேரியரை மேடையில் வைப்பார். ஜோதியம்மாள் நிரப்பிக் கொடுப்பார். காசை வைப்பார், சில்லறையை எண்ணி வாங்குவார். பேச்சு கிடையாது. ஒரு நாள் மட்டும் பொதுவாகக் காற்றைப் பார்த்து, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்றார்.

"வீட்டுல சூடாக் கெடைக்குமே மாமா" என்றார் ஜோதியம்மாள்.

லாரிக்காரர்கள் இலையைப் பார்த்துக் குனிந்து சிரித்தார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. ஸ்டவ்வுக்குப் பதிலாக ஒரு கரண்டியும் ஒரு பாத்திரமும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு அச்சடித்த பயண நோட்டீஸை அனுப்பினோம், அடுப்பைப் பற்றிய வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் "கரண்டியும்தான்" என்று எழுதி. அடுத்த வாரம் இன்னொரு தபால். வள்ளிக்கு முழங்கால் வலி, பயணத்தில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. ஜோதியம்மாள் சொன்ன பதில்: படி ஏறாத கோயிலாகப் பார்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறோம், வள்ளி அக்காவுக்கு முன் சீட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வண்டி நிற்கும்.

வீட்டில் அடுப்பு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. வண்டி புறப்பட ஐந்து நாள் இருந்தது. இருபது இடத்தில் பத்தொன்பது நிரம்பிவிட்டன. இன்னும் மூன்று பேர் கேட்டு வந்தபோது, ஜோதியம்மாள் அவர்களிடம் இடம் இல்லை என்றார். ஆனால் இருபதாவது இடத்தில் யார் பேர் எழுதுவது என்று நான் கேட்டபோது, எழுத வேண்டாம், இருங்கள் என்றார்.

கடைசிக் கடிதம் ஒப்புகை அட்டையோடு வந்தது. முழுவதையும் தருகிறேன்:

"ஜோதியம்மாளுக்கு. 25ஆம் தேதி வண்டியில் என் மனைவி வள்ளிக்கு ஓர் இடம் ஒதுக்கவும். கட்டணம் மணியார்டரில் வருகிறது. ஸ்டவ் அனுப்பவில்லை, கரண்டியும் அனுப்பவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குச் சம்மதம் கிடையாது என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். ஆதிமூலம்."

படித்து முடித்ததும் ஜோதியம்மாள் இருபதாவது பேரை எழுதச் சொன்னார். எழுதினேன். ஆதிமூலம் கேட்டுக்கொண்டபடி அவருடைய சம்மதமின்மையையும் அதற்குக் கீழே எழுதி, கடிதம் வந்த நாளைக் குறித்தேன்: 20.2.2001, செவ்வாய்க்கிழமை.